மண்டியிட்டே பழகியவர்

எவாரிஸ்தோ உகாஞானுக்கு இரண்டே விஷயங்களில்தான் குழப்பம் கிடையாது. மீன் எங்கே நிற்கும் என்பது ஒன்று, தாளம் எங்கே விழும் என்பது இன்னொன்று. மற்றபடி காலையில் எந்தச் சட்டையைப் போடுவது என்பதிலிருந்து தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது வரை எல்லாமே அவருக்கு மலைப்புதான். ஒரு முறை துருஹியோ நகரத்துக்குப் போகும் வேனில் ஏறினார். பாதி வழியில், தான் போய்க்கொண்டிருக்கிறோமா, போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. இறங்கி, எதிரே வந்த வேனைப் பிடித்து வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வாங்கப் போனது வலை நூல். அதை மறுநாள் நான்தான் வாங்கிவந்து கொடுத்தேன்.

நான் லிசாந்த்ரோ. தலைநகர் லிமாவுக்கு வெகு வடக்கே, வான்ச்சாக்கோ கடற்கரையில் அவருக்குப் பக்கத்து வீடு. ஊர் பேண்டு குழுவில் டிரம் அடிப்பவன். முப்பது வருடமாக மரினேரா ஆட்டத்துக்கு அடித்து அடித்து என் இடது காது அரைச் செவிடாகிவிட்டது. எவாரிஸ்தோவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஊரில் மற்றவர்கள் அவர் தொப்பியைச் சுழற்றும் அழகைச் சொல்வார்கள், குதிகாலால் தரையைத் தட்டும் வேகத்தைச் சொல்வார்கள். எனக்கு அவருடைய ஆட்டத்தைவிட அசட்டுத்தனம்தான் நன்றாகத் தெரியும்.

அவர் மீன் பிடிக்கிறவர். விடியற்காலையில் கோரைப்புல் படகை முதுகில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டு, அதன்மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து அலையைத் தாண்டிப் போவார். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவார். கிடைத்த மீனில் நல்லதெல்லாம் தொமிதிலா அக்காவின் கடைக்குப் போகும். நாலு மேசை போட்ட சின்ன சாப்பாட்டுக் கடை அது. எலுமிச்சையில் ஊறிய மீனும் நண்டுக் குழம்பும் அங்கே சாப்பிட்டவர்கள் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். அக்காவின் புருஷன் பொன் தோண்டப் போகிறேன் என்று கிழக்கே காட்டுப்பக்கம் போனவர். பொன் கிடைத்ததோ இல்லையோ, இன்னொரு குடும்பம் கிடைத்துவிட்டது. விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. அன்றைக்கும் அக்கா கடையை மூடவில்லை.

இருவரையும் ஜோடி சேர்த்தது எவாரிஸ்தோவின் மனைவி செல்மிராதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், "எனக்கு இடுப்பு வளையாது, நீ அவளோட ஆடு, ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்குதானே" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அன்றிலிருந்து ஜூன் மாதப் புனித பேதுரு திருவிழாவானாலும் துருஹியோவின் ஜனவரிப் போட்டியானாலும் எவாரிஸ்தோவுக்கு ஜோடி தொமிதிலாதான். எங்கள் வடக்குப் பக்கத்தில் பெண்கள் வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். அதற்காக அக்கா, எங்களுக்குக் கோடையான பிப்ரவரி மாத மத்தியான வெயிலில் சந்தையிலிருந்து கடை வரை செருப்பில்லாமல் நடப்பாள். ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தடவை அவளுடைய உள்ளங்காலில் ஊசி போட முயன்று தோற்றுப்போனார்.

செல்மிரா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு வருடம் முழுக்க எவாரிஸ்தோ கறுப்புத் துணி போட்டார், ஆடவில்லை. அந்த வருடத்தில் அக்காவும் யாரோடும் ஆடவில்லை. கேட்டதற்கு, "கால் வலி" என்றாள்.

மரினேராவின் முடிவை இங்கே சொல்லிவிட வேண்டும். இருவர் கையிலும் ஒரு கைக்குட்டை இருக்கும். ஆட்டம் முழுக்க ஆண் துரத்துவான், பெண் கைக்குட்டையை ஆட்டி ஆட்டி நழுவுவாள். ஒருவரையொருவர் தொடவே கூடாது. கடைசியில் நான் டிரம்மை உருட்டுவேன். உருட்டல் முடிந்து ஒற்றை அடி விழும்போது அவன் ஒரு காலில் மண்டியிட்டிருக்க வேண்டும். அவள் தன் கைக்குட்டையை அவன் தோளில் போட்டால் சம்மதம் என்று அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சிலர் அப்படியும் முடிப்பார்கள். இதெல்லாம் வெறும் ஆட்டம் என்று எங்களுக்குத் தெரியும். தொமிதிலா அக்கா எப்போதும் தோளில்தான் போடுவாள். உடனே எவாரிஸ்தோ எழுந்து, தொப்பியைக் கழற்றி, கைதட்டுகிறவர்களுக்கு நாலு பக்கமும் வணக்கம் வைப்பார். மனிதர் முகத்தில் அப்போது மட்டும் குழப்பமே இருக்காது.

இந்த ஜனவரிப் போட்டி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், எவாரிஸ்தோ, தொமிதிலா அக்கா, பிறகு பள்ளியில் சரித்திரம் நடத்தும் தோரிபியோ வாத்தியார். அக்கா ஒரு குட்டிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மாரிபெல்லுக்குக் குழந்தை பொறந்திருக்கு. என்னை வரச்சொல்றா. மார்ச்சுல கெளம்புறேன்" என்றாள்.

மாரிபெல் அவளுடைய ஒரே மகள். வேலைக்குப் போன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள்.

"எங்க கெளம்புறே?" என்றார் எவாரிஸ்தோ.

"சாந்தியாகோவுக்கு. அவ வேற எங்க இருக்கா?"

"சிலிக்கா?"

"சாந்தியாகோ வேற எங்கயும் குடிபோகலேன்னா சிலிக்குத்தான்."

எவாரிஸ்தோ கரண்டியைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "அவங்களோட நமக்குச் சண்டை நடந்துச்சு, தெரியுமில்ல?"

"அது நடந்து நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் சண்டை போடப் போகல, குழந்தையைக் குளிப்பாட்டப் போறேன்."

"அதுக்கில்ல. நம்ம ஆட்டத்துக்கு மரினேரான்னு, அதாவது கடல்காரின்னு, பேரு வந்ததே கடல்காரங்களாலதான். படகுக்காக இடுப்பளவு தண்ணியில நின்னு ஆடி ஆடிப் பழகுனவங்க கண்டுபிடிச்சது. கடலை விட்டுட்டுப் போயிட்டா நீ என்னத்த ஆடுவே?"

இதை அவர் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். போட்டி நடுவர்களிடம் சொல்லியிருக்கிறார், வானொலியில்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறார். யாரும் மறுத்ததில்லை. அன்றைக்கு வாத்தியார் சிரித்துவிட்டார்.

"கடல்காரங்கன்னா நீங்க இல்ல எவாரிஸ்தோ. கப்பற்படை. சண்டைக்கு முன்னாடி இந்த ஆட்டத்துக்கு என்ன பேரு தெரியுமா? சிலேனா."

"என்ன?"

"சிலேனா. சிலிக்காரின்னு அர்த்தம். முதல்ல இதை ஆடுனது லிமாவுல இருந்த கறுப்பு ஜனங்களும் ஏழை பாழைங்களும். அப்போ ஸாமாகுவேகான்னு பேரு. அது தெக்கே சிலிக்குப் போச்சு. அங்க கொஞ்ச காலம் ஊறுச்சு. திரும்பி வந்தப்போ நடை கொஞ்சம் மாறியிருந்துச்சு. நம்ம ஆளுங்களே அதுக்கு சிலேனான்னு பேரு வெச்சாங்க. சண்டை வந்ததும், எதிரியோட பேரு நமக்கு எதுக்கு, கடல்ல செத்த நம்ம கப்பற்படைக்காரங்களுக்கு மரியாதையா மரினேரான்னு சொல்லுவோம்னு லிமாவுல ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அவ்வளவுதான் கதை."

எவாரிஸ்தோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கப்பற்படைக்காரங்க இதை ஆடுனாங்களா?"

"அதுக்காக வெச்ச பேரு இல்ல."

"மீன் பிடிக்கிறவங்க?"

"அவங்களுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ ராத்திரி சிலேனான்னு படுத்தது காலையில மரினேரான்னு எந்திரிச்சுதா?"

"பத்திரிகை காலையிலதானே வரும்" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

நான் சிரித்தேன். எவாரிஸ்தோ சிரிக்கவில்லை. முப்பது வருடம் தன் வீட்டுப் பெயர் என்று நினைத்திருந்தது அடுத்தவர் வீட்டுப் பெயராகப் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பார்த்தியா? ஆட்டமே அங்க போயிட்டுத்தான் வந்திருக்கு. நான் போனா என்ன குறைஞ்சுடும்?" என்றாள் அக்கா.

"வரும்போது நடை மாறிப்போச்சுங்கிறாரே" என்றார் எவாரிஸ்தோ.

அக்கா தையலை மடியில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அடுத்த வார்த்தை சொல்வார் என்று அவள் காத்திருந்தது எனக்கே தெரிந்தது. அவர் வாத்தியார் பக்கம் திரும்பி, "அந்தப் பத்திரிகைக்காரர் கடலைப் பார்த்திருக்காரா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சமிருந்த சோள மதுவை ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் நடுத்தெருவில் நின்றார்.

"தம்பி, அவ போக வேண்டாம்னு நான் நெனைக்கிறேன்னு உனக்குத் தோணுதா?"

"அது உங்களுக்குத்தாண்ணே தெரியணும்."

"எனக்குத் தெரிஞ்சா உன்னை எதுக்குக் கேக்குறேன்? ஜோடி போயிடுவாளேன்னு வருத்தமா, இல்ல அவளே போயிடுவாளேன்னு வருத்தமா? ரெண்டும் ஒரே இடத்துலதான் வலிக்குது."

"எத்தனை மாசத்துக்குப் போறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா ஏதாவது சொல்லிடுவாளே."

அடுத்த இரண்டு வாரமும் இதே பாட்டுதான். அவளைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் சொல்வார். இருபத்திரண்டு வருடம் பிடித்த மாதிரியே நடித்ததால் அப்படித் தோன்றுகிறதோ என்று மறுநாள் சொல்வார். செல்மிராவை அப்போதே ஏமாற்றியிருப்போமோ என்று மூன்றாம் நாள் கண் கலங்குவார். "அப்போ நீங்க செல்மிரா அக்காவைத் தவிர யாரையும் பார்க்கலண்ணே, நான் பக்கத்து வீட்டுல இருந்தவன், எனக்குத் தெரியும்" என்று நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. கடைசியில் பொறுமை போய்விட்டது. "கேட்டுத் தொலைங்கண்ணே. இன்னைக்குச் சாயங்காலம் அவங்க பாலத்துக்குக் காத்து வாங்க வருவாங்க. அங்க வெச்சுக் கேளுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் கடலுக்குள் நீளும் மரப்பாலம் ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தைரியத்துக்கு நானும் கூட வர வேண்டும் என்றார். தூண்டில் போடுகிறவர்களை வேடிக்கை பார்ப்பவன் போல நான் கம்பியில் சாய்ந்து நின்றேன்.

ஒரு பெண்ணிடம் இந்த விஷயத்தைக் கேட்பவன் என்ன செய்வான்? மண்டியிடுவான். எவாரிஸ்தோவுக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே மரியாதையும் அதுதான். தொமிதிலா அக்காவின் எதிரே போய் நின்றார், ஏதோ முணுமுணுத்தார், சட்டென்று மண்டியிட்டார். பழக்க தோஷம், வலது கை தானாகப் பையில் போய்க் கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கியும் விட்டது.

அக்கா குனிந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முட்டி தப்பு. இடது முட்டி" என்றாள்.

அவர் எழுந்து முட்டியை மாற்றிப் போட்டார்.

"முதுகு வளையுது. கையை இன்னும் தூக்கு. ரொம்பக் கிட்ட வந்துட்டே, என் பாவாடை எங்க சுத்தும்? மறுபடி போடு."

மூன்று தடவை போட வைத்தாள். மூன்றாவது தடவை மிக அழகாக வந்துவிட்டது. தூண்டில்காரர்களும் சுற்றுலா வந்தவர்களும் கைதட்டினார்கள். அவரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். அவர் வணக்கத்தை முடித்துத் திரும்புவதற்குள் அக்கா பாலத்தின் பாதியைத் தாண்டிப் போய்விட்டாள்.

"பயிற்சின்னு நெனச்சுட்டா" என்றார் என்னிடம் வந்து.

"போட்டி முடிஞ்சு மூணு வாரமாச்சு. எதுக்குப் பயிற்சி?"

"அதான் எனக்கும் புரியல."

எனக்கும்தான் புரியவில்லை. அவள் புரிந்துகொண்டு தட்டிக் கழித்தாளா, புரியாமலே திருத்தினாளா என்று என் மனைவியிடம் கேட்டேன். "ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து யோசிச்சா இப்படித்தான்" என்று சொல்லி அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

மார்ச் இரண்டாம் வாரம், துருஹியோ பேருந்து நிலையம். மதியம் இரண்டரைக்கு லிமா பேருந்து. அங்கிருந்து மாறி மாறித் தெற்கே போக வேண்டும். அக்காவிடம் ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிக்குள் காய்ந்த கடற்பாசியும் காய்ந்த மிளகாயும் குழந்தைக்குத் தைத்த சட்டைகளும் இருந்தன. சுமை தூக்க நானும் எவாரிஸ்தோவும் போயிருந்தோம்.

பெட்டிகளை ஏற்றியதும் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். நின்னுக்கிட்டே பேசுங்க. மண்டி போட்டீங்கன்னா நான் உங்களோட பேசவே மாட்டேன்" என்று சொல்லி, அவர் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் போய் அவள் முன்னால் நின்றார். கைக்குட்டை இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் இடுப்பில் வைத்தார், பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டினார்.

"தொமிதிலா. போகாத. இல்ல, போ. குழந்தையைப் பாரு, அது பாவம். ஆனா போகாத. நீ இல்லேன்னா என்னால ஆட முடியாது. அதுகூட இல்ல. ஆட்டமே இல்லேன்னாலும் நீ வேணும். நான் கேக்குறது உனக்குப் புரியுதா? எனக்கு இப்பதான் புரியுது."

அக்கா கைப்பையின் வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"செல்மிராவுக்கு வருஷம் முடிஞ்சு, கறுப்புத் துணியைக் கழட்டிட்டு நீ ஆடுன முதல் ஆட்டம் ஞாபகமிருக்கா?" என்றாள். "மண்டி போட்டு மேல பார்த்தே. அது ஆட்டத்துக்காகப் பார்த்த பார்வை இல்ல. எனக்குத் தெரிஞ்சுது. நான் உன் தோள்ல போட்ட துணியும் ஆட்டத்துக்காகப் போட்டதில்ல. நீ கேட்டே, நான் சரின்னு சொன்னேன். உடனே எந்திரிச்சு கைதட்டுறவங்களுக்கு வணக்கம் வெச்சே. சரி, கூட்டத்துல கூச்சமா இருக்கும், வீட்டுக்கு வந்து பேசுவேன்னு இருந்தேன். வரல. அடுத்த ஆட்டத்துலயும் கேட்டே. அப்பவும் சரின்னேன். பத்து வருஷமா ஒரு தடவைகூட நான் மூஞ்சியைத் திருப்பல எவாரிஸ்தோ."

"பாலத்துல..." என்றார் அவர்.

"பாலத்துல கையைத் தூக்கிட்டு மண்டி போட்டே. எனக்குக் கோவம் வந்துச்சு. இவன் இன்னும் எத்தனை தடவை கேப்பான், நான் இன்னும் எத்தனை தடவை சொல்லுவேன்? அதான் முட்டியைத் திருத்தினேன். அன்னைக்கும் அந்தத் தூண்டில்காரங்களுக்கு வணக்கம் வெச்சே பாரு!"

டிரைவர் ஒலிப்பானை அழுத்தினார். நடத்துனர் சாமான் அறையின் கதவை இழுத்து மூடினார். எவாரிஸ்தோ விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தார். வருடங்களா, ஆட்டங்களா, தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அப்போ நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பத்து வருஷமாச்சு. புருஷன்தான் இன்னும் வீட்டுக்கு வரல."

கைப்பைக்குள் துழாவி ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஜூன் திருவிழாவுக்குள்ள வந்துடுவேன். அடுப்படிக் குழாய் ஒழுகுது, பாரு. ஒழுங்கா வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

வான்ச்சாக்கோ திரும்பும் வேனில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பத்து வருடம் ஒற்றை அடி அடித்தவன் நான். அவர்கள் இருவருக்கும் பத்தடி தூரத்தில் நின்று அடித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை என்றால் அந்த மனிதரை மட்டும் அசடு என்று எப்படிச் சொல்வது?

"தம்பி, வீட்டுக்குப் போன்னு சொன்னாளே, எந்த வீட்டுக்கு?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"குழாயைச் சரிபண்ணிட்டு என் வீட்டுக்கு வந்துடணுமா? இல்ல, அங்கேயே இருக்கணுமா? இருந்தா எந்த அறையில இருக்கணும்? அவ அதைச் சொல்லவே இல்லையே."

தொமிதிலா அக்காவின் தெருமுனை வந்தது. டிரைவரிடம் சத்தம் போட்டு வேனை நிறுத்தச் சொன்னேன்.

"எறங்குங்கண்ணே."

"நம்ம தெரு இன்னும் வரலியே?"

"வந்துடுச்சு. எறங்குங்க."

என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். வேன் நகர்ந்ததும் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் அக்கா வீட்டு நீலக் கதவின் முன்னால் நின்று சாவியைத் தலைகீழாகப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். எடுத்து, திருப்பிப் போட்டார். கதவு திறந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.